அத்தையின் கேசட்டும் என் பச்சை ஸ்டிக்கரும்

கம்ப்யூட்டரே தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. அவர்கள் கம்மென்று இருப்பார்கள். நன்றாகத் தெரிந்தவர்களாலும் ஆபத்தில்லை. கொஞ்சம் தெரிந்துகொண்டு நடுவில் நிற்கிறோமே நாங்கள், எங்களைத்தான் நம்பக் கூடாது.

நான் கல்யாணத்துக்கு முன்னால் வேலூருக்கு பஸ் ஏறிப் போய் கம்ப்யூட்டர் வகுப்பில் படித்தவள். சான்றிதழை லேமினேஷன் செய்து, சீர்வரிசையோடு சேர்த்து ஆம்பூருக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எது ரிப்பேரானாலும் "கலையைக் கூப்பிடு" என்றார்கள். டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா? நான் போவேன். பேட்டரியைக் கழற்றுவேன், புடவைத் தலைப்பில் துடைப்பேன், திரும்பப் போடுவேன். பாதி நேரம் வேலை செய்துவிடும். அந்தப் பாதி நேரம்தான் என்னைக் கெடுத்தது.

இப்போது என் மாமியாரைச் சொல்ல வேண்டும். பெயர் பச்சையம்மாள். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் செக்‌ஷனில் வாலிப வயதில் சேர்ந்து, ரிட்டயர் ஆகும்வரை அதே செக்‌ஷனில் இருந்தவர். மிஷின் எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். சூப்பர்வைசர்கள் வருவார்கள், போவார்கள். செக்‌ஷனை நடத்தியது அத்தைதான்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால், அத்தை டிவியில் வந்தார். பெண்களுக்கு ஏதேதோ போட்டி வைத்துப் பரிசு கொடுக்கும் நிகழ்ச்சி. செக்‌ஷன் பெண்கள் எழுதிப் போட்டு, கூப்பிட்டதும் அத்தையை ரயிலேற்றிச் சென்னைக்கு அனுப்பினார்கள். ஊசியில் நூல் கோக்கும் போட்டி. மற்ற பெண்கள் நூலை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தபோதே அத்தை எல்லா ஊசியையும் கோத்து முடித்துவிட்டுக் கொட்டாவி விட்டார். (கேசட்டில் கொட்டாவி தெளிவாகத் தெரியும்.)

ஆனால் அத்தை பிரபலமானது அதனால் இல்லை. பரிசு கொடுக்கும்போது, பளபளவென்று கோட்டு போட்ட அந்தத் தொகுப்பாளர் தம்பி, வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு மூக்கை இரண்டு விரலால் பிடித்தபடி, "தோல் கம்பெனின்னா ஒரே நாத்தமா இருக்குமே, எப்படிம்மா அங்கே உட்கார்ந்து சாப்பிடறீங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. அவரை மேலிருந்து கீழே நிதானமாகப் பார்த்தார். பார்வை ஷூவில் போய் நின்றது.

"கால்ல நாங்க தெச்சதப் போட்டுகினு மூக்கப் பொத்துறியே தம்பி! கழட்டிட்டுப் பேசு."

அவ்வளவுதான். தொகுப்பாளர் மூக்கை விட்டுவிட்டார். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. அதை அப்படியே ஒளிபரப்பிய புண்ணியவான் யாரோ, அவர் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் தோல் வேலை செய்கிற வீடுகளில் அந்த வாரம் பூராவும் இதே பேச்சுதானாம். பஸ்ஸில் அத்தையிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்கவில்லையாம் கண்டக்டர். எத்தனை பேர் எத்தனை இடத்தில் அந்த நாற்றப் பேச்சைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்திருப்பார்கள்! எல்லாருக்கும் சேர்த்து அத்தை ஒருத்தர் பதில் சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் அதை வீடியோ டெக்கில் கேசட்டாகப் பதிவு செய்து கொடுத்தார். பீரோவில், கல்யாணப் பட்டுப்புடவைக்குள் சுற்றி, அந்துருண்டை போட்டு அத்தை வைத்திருந்தார். அதைப் போட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு பழைய டெக்கும் வீட்டில் இருந்தது. பொங்கலுக்கு ஒரு முறை, விருந்தாளி வந்தால் ஒரு முறை ஓடும். கேசட் ஓடாத நாளில் அத்தையே ஓடுவார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, "பொண்ணுக்குப் பாட்டு வருமா" என்று கேட்காமல் இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னார். நானும் அன்று கையைத் தட்டினேன். பிறகு காய்கறிக் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், துக்க வீட்டில்கூட (சத்தியமாக) கேட்டேன். வருஷக்கணக்கில் கேட்டால் கை தானாகத் தட்டாது இல்லையா?

அத்தை ரிட்டயர் ஆகும் நேரம் வந்தது. செக்‌ஷன் பெண்கள் கேன்டீனில் வழியனுப்பு விழா வைத்தார்கள். அவர்களில் பாதிப் பேர் புதுசு. "கழட்டிட்டுப் பேசு"வைக் காதால் கேட்டிருக்கிறார்களே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. "யக்கா, அத பெரிய ஸ்க்ரீன்ல போட்டே ஆவணும்" என்று பிடித்துக்கொண்டார்கள். கம்பெனியில் லேப்டாப் இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது. டெக் இல்லை. டிஸ்க்காக இருந்தால் போடலாம்.

பஜாரில் ஸ்டுடியோக்காரர் ஒருவர் கேசட்டை டிஸ்க்காக மாற்றித் தருவதாகச் சொன்னாராம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. லேமினேஷன் செய்த சான்றிதழ் ஷோகேசில் நிற்கும்போது ஸ்டுடியோவா!

"இன்னா அத்தை, நான் இல்லயா? கம்ப்யூட்டர்ல ஏத்தி டிஸ்க்ல போட்டுத் தர்றேன்."

"கேசட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"காப்பிதானே எடுக்கறோம். ஒரிஜினல் அப்படியே இருக்கும்."

அத்தை கேசட்டை முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். அவர் பேரனை முதன்முதலில் நான் அவர் கையில் கொடுத்தபோது எவ்வளவு பயந்தேனோ, அவ்வளவு பயம் அவர் முகத்தில் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தேன். அத்தை சோளிங்கர் மலைக்குப் போயிருந்தார். கம்ப்யூட்டரில் டிவி பார்ப்பதற்கான கார்டு ஏற்கெனவே இருந்தது. டெக்கிலிருந்து மூன்று ஒயர் வரும். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சளைக் கம்ப்யூட்டரில் சொருகினேன். படம் வந்தது. நானே எனக்குக் கைதட்டிக்கொண்டேன். சிவப்பையும் வெள்ளையையும் சொருகப் பார்த்தால் கம்ப்யூட்டரில் அந்த அளவுக்கு ஓட்டையே இல்லை. நடுவில் ஒரு சின்ன பின் வேண்டும். கடைக்குப் போனால் கிடைக்கும். ஆனால் மேதைகள் கடைக்குப் போவார்களா?

சிவப்பையும் வெள்ளையையும் டிவியில் சொருகினேன். டிவியிலிருந்து சத்தம் வந்தது. கம்ப்யூட்டர் மைக்கை எடுத்து டிவி ஸ்பீக்கருக்கு முன்னால் வைத்து ரப்பர் பேண்டால் கட்டினேன். டிவி பேசும், மைக் கேட்கும், கம்ப்யூட்டர் எழுதிக்கொள்ளும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை, நானாகவே கண்டுபிடித்தேன் என்று அப்போது எனக்கு ஒரே பெருமை.

இந்த வேலையில் ஒரு சங்கடம், கேசட் எவ்வளவு நேரம் ஓடுமோ அவ்வளவு நேரம் பதிவும் ஓடும். அதுவரை வீட்டில் குண்டூசி விழக் கூடாது. என் வீட்டுக்காரர் சேகரையும் பையனையும் வெளியே துரத்தினேன். குக்கரை இறக்கினேன். மின்விசிறியை அணைத்தேன். வெயிலில் கீரை விற்று வந்த அம்மாவை வாசலில் நின்று சைகையாலேயே விரட்டினேன். எல்லாவற்றையும் யோசித்தேன். டிவிக்குப் பக்கத்திலேயே இருக்கும் டெலிபோனை மட்டும் யோசிக்கவில்லை.

அடித்தது. மணிச் சத்தம் பதிவாகிவிடுமே என்று பாய்ந்து எடுத்தேன். ஆற்காட்டில் எங்கள் பிறந்த வீட்டிலிருந்து என் தங்கை தேவி. "ரெக்கார்டிங் ஓடுது, அப்புறம் பேசு" என்று குசுகுசுத்தேன். "இன்னா ரெக்கார்டிங்?" என்றாள் அவள். கேட்டால் சொல்ல வேண்டாமா? ரகசியக் குரலில்தானே பேசுகிறோம், டிவி சத்தத்தில் அது எங்கே பதிவாகப் போகிறது என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு வைத்தேன். என்ன பேசினேன் என்பது வைத்ததுமே மறந்துவிட்டது.

பதிவு முடிந்தது. கேசட்டைப் பின்னால் ஓட்டும் பொத்தானை அழுத்தினேன். டெக் ஒரு மாதிரி முனகியது. பிறகு கடக் கடக்கென்று மென்றது. நான் ப்ளக்கைப் பிடுங்குவதற்குள் நாடாவை இடியாப்பம் பிழிந்துவிட்டது. மூடியைத் திறந்து கையைவிட்டு எடுத்தால், கசங்கியும் அறுந்தும் முழம் முழமாக வருகிறது.

வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்துப் போனேன்! நல்ல வேளை, காப்பி எடுத்த பிறகு போயிற்று! அத்தை மலையிலிருந்து வந்ததும், "கேசட்டுக்கு வயசாயிடுச்சு அத்தை. கடைசி நிமிஷத்துல காப்பாத்திட்டேன்" என்றேன். அத்தை அந்த நாடாக் குவியலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தடவி, "நீ இல்லன்னா மொத்தமா போயிருக்கும்" என்றார். மறுநாள் எனக்காக ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கிவரச் சொல்லியிருந்தார். தெருவெல்லாம் என் புகழ்தான். நானும் நாலு பேடா தின்றேன்.

அடுத்தது டிஸ்க்கில் ஏற்றுவது. முதல் டிஸ்க் கெட்டது, அடுத்தது கம்ப்யூட்டர் தொங்கியதில் கெட்டது, அதற்கடுத்தது வெற்றி. இனி சரிபார்க்க வேண்டும். இங்கேதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. நான் வேறொரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அங்கே ஒரு லாட்டில் எல்லா ஜோடியையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். மேலே ஒரு பெட்டி, நடுவில் ஒரு பெட்டி, அடியில் ஒரு பெட்டி எடுத்துப் பார்ப்போம். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், லாட் கப்பலேறிவிடும். டிஸ்க்கையும் அப்படியே பார்த்தேன். ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம். சத்தம், படம் இரண்டும் பிரமாதம். கைப்பையில் கிடந்த பச்சை ஸ்டிக்கர் ஒன்றை உறைமேல் ஒட்டி அத்தையிடம் கொடுத்தேன். பாஸ்!

விழா அன்று கேன்டீனே மல்லிப்பூ வாசனை. பெரிய திரை, கல்யாண வீட்டு ஸ்பீக்கர் இரண்டு. ஓரத்தில் பிரியாணி தேக்சா. மேனேஜர் பேசினார், சால்வை போட்டார். அத்தை மைக்கைப் பிடித்து, "என் மருமவ கலை. அவ இல்லன்னா இன்னிக்கு இத நீங்க பாத்திருக்க மாட்டீங்க" என்றார். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். அதுதான் என் வாழ்க்கையின் உச்சம். அங்கேயே முடிந்திருக்கலாம்.

படம் ஓடியது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு அந்தக் கால அத்தை திரையில் வந்ததும் விசில் பறந்தது. ஊசியில் நூல் கோத்தபோது மொத்தக் கூட்டமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கொட்டாவிக்குக் கூரை அதிர்ந்தது. தொகுப்பாளர் பரிசோடு வந்தார். "ஷ்ஷ்... அதுதான், அதுதான் வருது!" என்று பழைய ஆட்கள் புது ஆட்களை அடக்கினார்கள்.

டிரிங்... டிரிங்...

எல்லாரும் கைப்பையைத் துழாவினார்கள். பிறகு, இரண்டு கல்யாண ஸ்பீக்கரிலும், என் குரல்.

"ஹலோ... தேவியா? மெதுவா பேசுடி, ரெக்கார்டிங் ஓடுது."

மைக்குக்குப் பக்கத்தில் பேசினால் குசுகுசுப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்கும் என்ற அறிவியல் உண்மையை நான் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மறந்துபோனது எல்லாம் ஒரே விநாடியில் ஞாபகம் வந்தது. லேப்டாப்பை நோக்கிப் பாய எழுந்தேன். முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். காலமெல்லாம் தோலை இழுத்துப் பிடித்துத் தைத்த கை அது. அசைய முடியவில்லை.

"உக்காரு. இன்னா சொல்றன்னு கேக்கலாம்."

திரையில் தொகுப்பாளர் மூக்கைப் பிடிக்கிறார். ஸ்பீக்கரில் நான்: "வேற இன்னா, எங்க மாமியார் டிவில வந்ததுதான். ஐயோ, ஜாஸ்தி பேஜாருடி அவங்களோட. நான் வெக்கிற ரசத்துல தெனம் ஒரு கொறை. உப்பு கம்மின்னு சொல்லிட்டு ரெண்டு தட்டு சோறு துன்றாங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து, சிரிப்பை விழுங்கினார்கள். மேனேஜர் தன் செருப்பையே உற்றுப் பார்த்தார். திரையில் அத்தை தொகுப்பாளரை மேலிருந்து கீழே பார்க்கிறார். பார்வை ஷூவில் நிற்கிறது. வாய் திறக்கிறது. திறந்த அந்த வாயிலிருந்து என் குரல் வருகிறது:

"இன்னொரு வாட்டி அந்தக் 'கழட்டிட்டுப் பேசு' கதையைக் கேட்டேன்னா, பொட்டியைக் கட்டிகினு ஆற்காட்டுக்கே வந்துடுவேன்டி!"

 பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அத்தை எழுந்தார். என் கையை விடவில்லை, அதனால் நானும் எழுந்தேன். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, "தம்பி, பின்னாடி ஓட்டு. சத்தத்த மொத்தமா அமுக்கிடு" என்றார் லேப்டாப் பையனிடம். படம் திரும்ப ஓடியது. ஊமைப் படம். தொகுப்பாளர் மூக்கைப் பிடித்ததும், "தோல் கம்பெனின்னா ஒரே நாத்தமா இருக்குமே" என்று அவர் குரலில் அத்தையே இழுத்தார். திரையில் இருந்த அத்தை வாயைத் திறக்க, பக்கத்தில் நின்ற நரைத்த அத்தை பேசினார்.

"கால்ல நாங்க தெச்சதப் போட்டுகினு மூக்கப் பொத்துறியே தம்பி! கழட்டிட்டுப் பேசு!"

வாயசைவு ஒரு இழை பிசகவில்லை. கேன்டீன் வெடித்தது. பெண்கள் பெஞ்சுமேல் ஏறிவிட்டார்கள். "யக்கா இன்னொரு வாட்டி!" என்று கத்தினார்கள். இன்னொரு வாட்டி சொன்னார். அதுவரை நான் கேட்டுக் கேட்டுச் சலித்த வசனம் அது. அன்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என்னையறியாமல் ஒற்றைக் கையால் தொடையில் தட்டினேன். (மற்றது அவர் பிடியில் இருந்தது.)

அத்தை மைக்கை என் பக்கம் திருப்பினார். "ரெண்டு வாட்டி கேட்டுட்ட. பொட்டி கட்டறியா, பிரியாணி துன்னுட்டுப் போறியா?"

"பிரியாணி" என்றேன். வேறென்ன சொல்வது!

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம்.  வீட்டுக்கு வந்ததும், தூக்கிப் போட மனசு வராமல் பையில் போட்டு வைத்திருந்த நாடாக் குவியலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுலேர்ந்து எடுக்க முடியாதா கலை?"

"முடியாது அத்தை."

"என் மூஞ்சி டிஸ்க்ல கீது. அதச் சொன்ன கொரல் இதுல மட்டும்தான் இருந்துச்சு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஓவென்று அழுதுவிட்டேன். அத்தை கொஞ்ச நேரம் அழவிட்டார். பிறகு, "சரி, போதும். உன் வாயாலதானே அழிச்ச? உன் வாயாலயே சொல்லு. இனிமே இத எப்பப் போட்டாலும் அந்த எடத்துல நீதான் பேசணும்" என்றார்.

விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளே பயிற்சி ஆரம்பமாகிவிட்டது. டிவிக்குப் பக்கத்தில் என்னை நிற்கவைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் சொன்னேன். "ரிஜெக்ட்" என்றார். திரும்பச் சொன்னேன். "தம்பின்ற எடத்துல கோவப்படாத. அங்க பாசம் இருக்கணும். அப்பதான் அடுத்தது சுருக்குன்னு ஏறும். ரிஜெக்ட்." நான் களைத்துப்போய், "அத்தை, நடுவுல நடுவுல மட்டும் பாத்து பாஸ் பண்ணிடுங்களேன்" என்றேன். "அது உங்க கம்பெனி பழக்கம். நான் ஒண்ணு விடாம பாப்பேன்" என்றார். என் ரசத்திலும் அவர் அப்படித்தான் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. அவர் கையில் பாஸ் வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் டிஸ்க் ஓடும். டெலிபோன் அடித்ததும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கோரஸாக, "மெதுவா பேசுடி, ரெக்கார்டிங் ஓடுது" என்று ஆரம்பித்து, ரசம், உப்பு, பொட்டி வரைக்கும் என் குரலிலேயே ஒப்பிப்பார்கள். பிறகு பின்னால் ஓட்டிச் சத்தத்தை அமுக்குவார்கள். நான் எழுந்து நின்று அத்தையாகப் பேசுவேன். பையன் இப்போது வளர்ந்துவிட்டான். "இப்பல்லாம் உன் கொரல மட்டும் தனியா எடுத்துடலாம்மா" என்றான். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "அது இருக்கட்டும்டா. உப்பு கம்மிதான்னு அவளே சொல்லிகீறா, சாட்சி வேணும்ல?"

போன மாதம் ஒரு வேலையாகச் சென்னைக்கு ரயிலில் போனேன். எதிர் சீட்டில் திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், பார்த்தால் படித்த மனிதர். ஆம்பூர் தாண்டியதும் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலை இழுத்து மூடினார். "ச்சே, இந்த நாத்தத்துல எப்படித்தான் மனுஷங்க குடியிருக்காங்களோ" என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. நான் அவர் காலைப் பார்த்தேன். கறுப்பு ஷூ, ஓரத்தில் இரட்டைத் தையல். எங்கள் ஊர்த் தையல்.

யோசிக்கவே இல்லை. தானாக வந்தது. 'தம்பி'யில் பாசம், அதற்கடுத்ததில் சுருக். வந்தது என் குரலே இல்லை. பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பி அவருடைய காலைப் பார்த்தார்கள். கர்ச்சீப் மெதுவாகப் பைக்குள் போயிற்று. ஜன்னலை அவரே திறந்துவிட்டார். பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "நல்லாக் கேட்டம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

 கதவுப் பக்கம் போய் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அத்தை, சொல்லிட்டேன்! நெஜமாவே ஒருத்தரப் பாத்து, ரயில்ல, எல்லார் எதுர்லயும் சொல்லிட்டேன்!"

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தை கேட்டார்:

"ரெக்கார்ட் பண்ணியா?"